எண்ணெய் ஊற்றினால் போதுமா?

முன் சக்கரத்து டிஸ்க்கில் ஒரு சொட்டு. அல்லது பிரேக் லீவரைப் பிடித்த விரலில் லேசான ஈரம். அல்லது எண்ணெய்க் கிண்ணத்தின் சிறிய கண்ணாடியில் மட்டம் ‘லோவர்’ கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. இதில் ஏதாவது ஒன்றைப் பார்த்ததும் நம் இளைஞர்களில் பலர் செய்வது என்ன? மோட்டார் கடையில் ஒரு புட்டி பிரேக் எண்ணெய் வாங்கி, மூடியைத் திறந்து, மேலே வரைக்கும் ஊற்றி மூடிவிட்டுக் கிளம்பிவிடுவது. யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும். “பிடிக்குதுல்ல? அப்புறம் என்ன?”

பிடிக்கிறது, உண்மைதான். ஆனால் ஊற்றிய எண்ணெய் எங்கே போகிறது என்ற கேள்விக்கு அது பதில் இல்லை.

இளைஞர்களே, இந்தக் கட்டுரை மோட்டார் பழுது பார்ப்பதைப் பற்றியது போலத் தோன்றும். ஓரளவுக்கு அப்படித்தான். ஆனால் இதற்குள் ஒரு பழைய அறக் கேள்வி இருக்கிறது. இயந்திரத்தில் ஏற்பட்ட ஒரு பழுது, எந்த நேரத்திலிருந்து நம்முடைய குற்றமாக ஆகிறது? ரப்பர் சீல் தேய்ந்ததற்கு யாரும் பாவி ஆகிவிட முடியாது. ரப்பர் என்றால் தேயும். அப்படியென்றால் எங்கே தொடங்குகிறது நம் பொறுப்பு?

கைக்கும் சக்கரத்துக்கும் நடுவில்

முதலில் அந்த எண்ணெய் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த பாஸ்கல் என்ற அறிஞர் ஓர் உண்மையை விளக்கினார். மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் போய்ச் சேரும். நம் முன் பிரேக் முழுக்க இந்த ஒரே உண்மையை நம்பித்தான் வேலை செய்கிறது. லீவரை அழுத்தினால் மேலே உள்ள மாஸ்டர் பம்ப் எண்ணெயைத் தள்ளும். அது ஹோஸ் வழியாகக் கீழே இறங்கி, கேலிப்பரில் உள்ள பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பிரேக் பேட்டை டிஸ்க்கோடு சேர்த்து அழுத்தும். சக்கரம் நிற்கும்.

இதில் முக்கியமான சொல் ‘மூடிய’ என்பது. எண்ணெய் வெளியே கசிகிற வழியில் காற்று உள்ளே நுழையலாம். கிண்ணம் வற்றினால் கட்டாயம் நுழையும். எண்ணெயை அழுத்திச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். அதனால் நம் விரல் கொடுக்கும் பலம் சக்கரத்துக்குப் போகாமல் காற்றைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடும். லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போவது இதனால்தான்.

திடீரென்று பிரேக் அடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. அந்த நேரத்தில் நிறுத்தும் வேலையில் பாதிக்கும் மேலே செய்வது முன் பிரேக்தான். சாதாரணமாகத் தமானுக்குள் போய் வரும்போது இரண்டு விரலால் லேசாகத் தொட்டாலே வண்டி நின்றுவிடும். ஒரு லாரி குறுக்கே வரும்போதுதான் முழுப் பலமும் தேவை. அழுத்தம் அதிகமாகும் அந்த நொடியில்தான் பலவீனமான சீலும் கைவிடும். “தினமும் பிடிக்குதே” என்ற சாட்சி செல்லாது. தினமும் நாம் அதனிடம் அந்த அளவுக்குக் கேட்டதே இல்லை.

சொட்டு விழுந்த இடம் வேறு, குறை வேறு

எண்ணெய் மேலிருந்து கீழே வழியும். அதனால் கேலிப்பர் நனைந்திருக்கிறது என்பதற்காகக் கேலிப்பரில் ஓட்டை என்று முடிவு கட்டக்கூடாது. நனைந்த இடங்களிலேயே எது மிக உயரத்தில் இருக்கிறது என்று தேட வேண்டும். தேட வேண்டிய இடங்கள் அதிகம் இல்லை. லீவருக்குப் பின்னால் மாஸ்டர் பம்பின் ரப்பர் உறை. கிண்ணத்தின் மூடி. ஹோஸின் இரண்டு முனையிலும் உள்ள பேன்ஜோ போல்ட், அதன் வாஷர்கள். ஹோஸ் வளையும் இடங்களில் வெடிப்பு. கேலிப்பரின் பிஸ்டன் ஓரம். காற்று எடுக்கும் நிப்பிள்.

எல்லாவற்றையும் கழுவித் துடைத்துக் காய வைத்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளை டிஷ்யூவைச் சுற்ற வேண்டும். பிறகு லீவரை இறுக்கிப் பிடித்து ஒரு நிமிடம் வைத்திருக்க வேண்டும். எந்த டிஷ்யூ முதலில் நனைகிறதோ, அங்கேதான் குறை. எதுவும் நனையாமல், லீவர் மட்டும் மெல்ல மெல்லக் கைப்பிடியை நோக்கி இறங்கினால், மாஸ்டர் பம்புக்கு உள்ளேயே சீல் விட்டுக்கொடுக்கிறது என்று சந்தேகிக்கலாம். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாத கசிவு அது.

அவசரத் தீர்ப்பு இரண்டு விதத்தில் தவறும். எண்ணெய் மட்டம் குறைந்தாலே கசிவு என்று சொல்ல முடியாது. பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப எண்ணெய் இறங்கும். மட்டம் மெதுவாகக் குறைவது சில சமயம் “பேட்டைப் பாருடா” என்ற செய்திதான். அதேபோல, கேலிப்பர் பக்கம் தெரியும் எண்ணெய் பிரேக் எண்ணெயாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. முன் ஃபோர்க்கின் சீல் போனால் அந்த எண்ணெயும் அதே வழியாகத்தான் இறங்கும். கண்டுபிடிப்பது சுலபம். நாம் பயன்படுத்தும் டாட் 3, டாட் 4 வகை பிரேக் எண்ணெய் தண்ணீரில் கரைந்துவிடும். ஃபோர்க் எண்ணெய் கரையாது, தண்ணீரின் மேல் மிதக்கும்.

நம் நாட்டு மழை இங்கே ஒரு குழப்பத்தை உண்டாக்கும். சாயங்காலம் கொட்டுகிற மழை, கசிந்த எண்ணெயைக் கழுவிவிட்டுப் போய்விடும். மறுநாள் காலையில் வண்டி சுத்தமாக இருக்கும், “ஒண்ணும் இல்ல, சரியாயிடுச்சு” என்று மனசும் சொல்லும். ஆனால் பிரேக் எண்ணெய் சாயத்தை அரிக்கும் குணமுள்ளது. போல்ட்டுக்குக் கீழே சாயம் உப்பி உரிந்திருந்தால், ஈரம் காய்ந்து போனாலும் அந்தத் தழும்பு பொய் சொல்லாது.

மூன்று வகை ‘தெரியாது’

இப்போது நம் கேள்விக்கு வருவோம். விபத்து நடந்த பிறகு எல்லோரும் சொல்லும் வார்த்தை ஒன்று: “எனக்குத் தெரியாதுங்க.” இந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு வேறு மனிதர்கள் ஒளிந்திருக்கிறார்கள்.

முதல் ஆளுக்கு உண்மையிலேயே தெரியாது. வெளியே எந்த அடையாளமும் இல்லை, லீவர் கெட்டியாக இருந்தது, வண்டியை ஒழுங்காகக் கடையில் காட்டியும் வந்திருக்கிறான். உள்ளே சீல் ஒரு நாள் திடீரென்று கிழிந்தது. இவன் மேல் குற்றம் சொல்ல யாருக்கும் மனசு வராது.

இரண்டாவது ஆளுக்குத் தெரியாது, ஆனால் தெரிந்துகொண்டிருக்கலாம். மட்டம் குறைந்ததைப் பார்த்தான். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் செலவு வரும் என்று உள்மனசுக்குத் தெரியும். அதனால் பார்வையைத் திருப்பிக்கொண்டான். இவனுடைய அறியாமை அவனே பார்த்துத் தேர்ந்தெடுத்த அறியாமை.

மூன்றாவது ஆள், தெரிந்துகொண்டே எண்ணெய் ஊற்றினான். மட்டம் குறைவது ஒரு சாட்சி. ‘உள்ளே ஏதோ சரியில்லை’ என்று வண்டி நமக்குச் சொல்லும் ஒரே வழி அது. இவன் அந்தச் சாட்சியின் வாயை மூடினான். அடுத்து அந்த வண்டியைப் பார்க்கும் எவருக்கும், கிண்ணம் நிறைந்திருப்பதால், எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும்.

மனுநீதிச் சோழன் கதை நமக்கெல்லாம் தெரியும். திருவாரூர் வீதியில் இளவரசனின் தேர்ச் சக்கரத்தில் ஒரு கன்று மாட்டி இறந்தது. கன்று துள்ளி ஓடி வந்து விழுந்தது, அவன் வேண்டுமென்று செய்யவில்லை. அமைச்சர்கள்கூடப் பரிகாரம் செய்தால் போதும் என்றார்கள். அரசன் ஏற்கவில்லை. அவன் விதித்த தண்டனை இன்று நமக்குக் கொடூரமாகத் தோன்றலாம், அதைப் பற்றித் தனியாக வாதாடலாம். ஆனால் அந்தக் கதை நம் மனத்தில் இத்தனை காலம் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. வீதியில் வண்டி ஓட்டுகிறவன், தன் சக்கரத்துக்கு அடியில் வரும் உயிருக்குப் பதில் சொல்ல வேண்டியவன் என்று அது சொல்கிறது. இளவரசன் அந்த மூவரில் முதல் ஆள். அவனுக்கே அந்தக் கணக்கு என்றால், இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் எந்த முகத்தோடு நிற்பார்கள்?

ஆகவே, பழுது நம் குற்றமாக மாறுவது விபத்து நடக்கும் நேரத்தில் இல்லை. ‘ஏன் குறைகிறது?’ என்ற கேள்வி மனத்தில் எழுந்து, அதை நாம் அமுக்கும் நேரத்தில்தான். விபத்தே நடக்காமல் போனாலும் அந்தக் குற்றம் நடந்து முடிந்துவிட்டது. நடக்காமல் போனது நம் அதிர்ஷ்டம். அதை நம் நல்லொழுக்கம் என்று எழுதிக்கொள்ள முடியாது.

சரி செய்வது என்றால்

சில இளைஞர்கள், ஓரளவு செய்தால் போதும் என்று நினைப்பார்கள். பிரேக்கில் ‘ஓரளவு’ என்பது ஆபத்து.

பேன்ஜோ போல்ட்டில் கசிந்தால், முதலில் தோன்றுவது இன்னும் இறுக்கலாம் என்பது. அங்கே உள்ள செம்பு அல்லது அலுமினிய வாஷர், ஒரு முறை நசுங்கி அடைப்பதற்காகச் செய்யப்பட்டது. கழற்றினால் புதிது போட வேண்டும், ஹோஸ் முனையின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் அலுமினிய மரை போய்விடும். மாஸ்டர் பம்பிலோ கேலிப்பரிலோ சீல் போயிருந்தால் சீல் செட் மாற்ற வேண்டும். உள் சுவரில் கீறலோ அரிப்போ இருந்தால், புது சீலும் சீக்கிரம் கிழியும். அப்போது பம்பையே மாற்றுவதுதான் வழி. அந்த ரப்பரைப் பெட்ரோலிலோ எஞ்சின் எண்ணெயிலோ கழுவக்கூடாது, அது ஊதிக் கெட்டுவிடும். புது பிரேக் எண்ணெயே போதும். வெடித்த ஹோஸுக்கு டேப் சுற்றுவது வைத்தியமே கிடையாது.

எண்ணெய் குடித்த பேட்டைத் தேய்த்தும் சூடு காட்டியும் திரும்பப் போடுகிற பழக்கம் உண்டு. நம்ப வேண்டாம், இரண்டு பேட்டையும் மாற்றிவிடுங்கள். டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடைக்க வேண்டும். கடைசியில் காற்று எடுக்க வேண்டும். கிண்ணத்தை நிரப்பி, லீவரைச் சில முறை அழுத்திப் பிடித்து, நிப்பிளைத் திறந்து, காற்றும் எண்ணெயும் வெளியேறியதும் நிப்பிளை மூடி, அதன் பிறகே லீவரை விட வேண்டும். குமிழி வருவது நிற்கும்வரை இதையே செய்ய வேண்டும், நடுவில் கிண்ணம் வற்றவும் கூடாது. எந்த எண்ணெய் என்று கிண்ணத்தின் மூடியிலேயே எழுதியிருக்கும். பல மாதமாகத் திறந்து கிடந்த புட்டி வேண்டாம். இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 எண்ணெய் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் கலந்த பிறகு அந்த அளவு 155 ஆக இறங்கிவிடுகிறது. கேமரன் மலையிலிருந்து இறங்கும்போது சூடேறிய பிரேக்கில் அது ஆவியானால், லீவர் சும்மா உள்ளே போகும்.

வேலை முடிந்ததும் லீவர் கெட்டியாகும்வரை பம்ப் செய்யாமல் வண்டியை நகர்த்தாதீர்கள். மறுபடியும் டிஷ்யூ சோதனை செய்து, காலியான இடத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். இதை முதல் முறை செய்பவர், அனுபவம் உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வதும் இந்த அறத்தில் சேர்ந்ததுதான்.

“காசு இல்லண்ணே”

இந்த வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. மோட்டாரில் சாப்பாடு விநியோகம் செய்யும் தம்பிக்கு, வண்டி நின்றால் அன்றைய வருமானம் நிற்கும். விடியற்காலையில் ஜொகூர் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் தொழிலாளிக்கு, ஒரு நாள் விடுப்பு என்பது பெரிய விஷயம். அவர்களிடம் போய் “உயிர் முக்கியமா, காசு முக்கியமா” என்று வசனம் பேசுவது நியாயமில்லை. அவர்கள் காசு தேடுவதே உயிர் வாழத்தான்.

ஆனாலும் இரண்டு விஷயம் சொல்லலாம். ஒன்று, பல சமயம் நம்மைப் பயமுறுத்தும் செலவு, கண்டுபிடிக்காததால் வந்த பயம். கசிவு வாஷரில் என்றால் அது சில வெள்ளிச் செலவு. எங்கே என்று பார்க்காதவரை, ‘முழு செட்டும் போயிடுச்சு’ என்றே மனம் கணக்குப் போடும். இரண்டு, நிறுத்தும் பாகத்துக்குக் காசு இல்லை என்று சொல்லும் அதே வண்டியில், புது எக்ஸாஸ்டும் கலர் ரிம்மும் மாட்டியிருந்தால், அங்கே குறைவது காசு இல்லை. வரிசைதான் தவறியிருக்கிறது.

“என் உயிர், நான் பாத்துக்குறேன்” என்பது அடுத்த வாதம். நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டாரோட்டிகளும் அவர்கள் பின்னால் உட்கார்ந்து வந்தவர்களும்தான். பின்னால் உட்காரும் தங்கச்சி நம் பிரேக்கைச் சோதித்துவிட்டு ஏறுவதில்லை. சாலையைக் கடக்கும் பாட்டிக்கும் நம் கிண்ணத்தில் எண்ணெய் இருக்கிறதா என்று தெரியாது. அவர்கள் எல்லோரும் நம்மைக் கேட்காமலேயே நம்மை நம்புகிறார்கள்.

சொல்லாமல் விடுவதும் சொல்தான்

மிகக் கடினமான சோதனை, வண்டியை இன்னொருவருக்குக் கொடுக்கும்போது வருகிறது. “மச்சான், சாவி குடுடா, ரொட்டி வாங்கிட்டு வந்துடறேன்” என்கிறான் நண்பன். நமக்கு அந்த லீவரின் குணம் தெரியும், இரண்டு முறை பம்ப் செய்தால் பிடிக்கும் என்று கை பழகிவிட்டது. அவன் கைக்கு அது தெரியாது. விற்கும்போதும் இதே கதைதான். “பாத்துத்தானே வாங்குனான்” என்று சொல்லிக்கொள்கிறோம். அவன் பார்த்தது, நேற்று நாம் துடைத்து நிரப்பி வைத்த வண்டியை.

வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லையே என்று கேட்கலாம். பிரேக் லீவர் என்ற ஒன்றை ஒருவர் கையில் கொடுப்பதே ஒரு வாக்குறுதி: ‘அழுத்தினால் நிற்கும்.’ அது நிற்காது என்று தெரிந்தும் மௌனமாகக் கொடுத்தால், அந்த மௌனம் பொய்யாகிறது. யோக நூல் சொல்லும் இயமங்களில் அகிம்சை முதலில் வருகிறது, சத்தியம் அதற்கு அடுத்து. வள்ளுவரும் வாய்மையைத் தீங்கு இல்லாத சொல் என்றே விளக்குகிறார். இதை வைத்துச் சிலர், “உண்மைய சொன்னா விலை குறையும், அவனும் சங்கடப்படுவான், சொல்லாம இருக்கிறதே நல்லது” என்று வாதாடுவார்கள். அளவுகோலைத் தலைகீழாகப் பிடிப்பது அது. யாருக்குத் தீங்கு என்று கேட்டுப் பாருங்கள். இங்கே தீங்கு செய்வது மௌனம்தான்.

மோட்டார் கடைக்காரருக்கும் பங்கு உண்டு. “சும்மா எண்ணெய் மட்டும் ஊத்துங்கண்ணே” என்று வாடிக்கையாளர் சொன்னால், வண்டியைப் பிடுங்கி வைத்துக்கொள்ள அவரால் முடியாது. ஆனால் நனைந்த டிஷ்யூவைக் கண் முன்னால் காட்டி, “தம்பி, இது இங்க கசியுது, இப்படியே ஓட்டாத” என்று தெளிவாகச் சொல்ல முடியும். அதற்குப் பிறகு அந்தத் தம்பி ‘தெரியாது’ என்று சொல்லும் இடத்தில் இல்லை. அந்த வசதியை அவனிடமிருந்து எடுத்துவிடுவதே கடைக்காரர் செய்யும் உதவி.

ஒரு ஞாயிறு காலை

ஆயுத பூசையன்று வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை வைத்து நசுக்குகிறோம். நல்ல வழக்கம். நமக்கு உழைக்கும் கருவியை மதிக்கக் கற்றுத் தருகிறது. அந்த மதிப்பை இன்னும் கொஞ்சம் நீட்டி, கழுவும் கையோடு லீவரையும் ஒரு நிமிடம் அழுத்திப் பார்க்கலாம்.

இளைஞர் கிளைகளுக்கு ஒரு யோசனை. தீபாவளிக்குப் பலர் மோட்டாரில் ஊர் திரும்புவார்கள். அதற்கு முன்னால் ஒரு ஞாயிறு காலை, கோயில் வளாகத்திலோ மண்டபத்துக்கு வெளியிலோ கூடுங்கள். கை தேர்ந்த ஒரு மோட்டார் கடைக்காரரை அழையுங்கள். ஒரு ரோல் டிஷ்யூ, ஒரு வாளி தண்ணீர், ஒரு டார்ச் விளக்கு போதும். ஒவ்வொரு வண்டியாகப் பாருங்கள். கசிவு கண்டுபிடித்தவனைக் கேலி செய்ய வேண்டாம், கண்டுபிடித்ததுதான் அன்றைக்கு அவன் செய்த நல்ல காரியம். கையில் காசு இல்லாத தம்பிக்கு வாஷருக்கும் சீலுக்கும் ஆளுக்கு ஐந்து வெள்ளி போடுங்கள். அவன் வண்டி சரியாகும்வரை வேலைக்குப் போகும்போது பின்னால் ஏற்றிக்கொண்டு போய் விடுங்கள்.

அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது, உங்களுக்கு முன்னால் போகிற மோட்டார் ஒவ்வொன்றிலும் பிரேக் பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களுக்கும் உங்களைப் பற்றி அதே நம்பிக்கை இருக்கும்.